காலைக் குறை சொல்றதுக்கு முன்னாடி பெடலைக் குனிஞ்சு பாருங்க

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம். எங்கிட்ட பியானோ கத்துக்க வர்ற ஒரு பொண்ணு, ஆறாவது படிக்குறா, ஒரு சின்ன பீஸ் வாசிச்சிட்டு இருந்தா. இடது கை கார்ட் (சேந்து ஒலிக்கற சில ஸ்வரங்கள்) மாறுற ஒவ்வொரு இடத்துலயும் பழைய கார்ட் போகவே மாட்டேங்குது, புதுசு மேல ஒட்டிக்கிட்டே வருது, ரசத்துல மோரை ஊத்தின மாதிரி ரெண்டும் கலந்து எதுவுமே தெளிவா இல்ல. மூணு வாரமா சொல்லிட்டு இருந்ததையே நான் திரும்பவும் சொன்னேன், "காலை எடும்மா, கார்ட் மாறும்போது காலை எடு". அவ வாசிக்கறதை நிறுத்திட்டா. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. "எடுத்துட்டுத்தான் மிஸ் இருக்கேன்"னு சொன்னா. குனிஞ்சு பாத்தேன். பெடல் மேல அவ கால் இல்லவே இல்ல. ரெண்டு பாதமும் தரையில இருக்கு, அவ கடைசியா அடிச்ச கார்ட் மட்டும் பியானோக்குள்ள இன்னும் ஓடிட்டே இருக்கு.

எனக்கு மனசு ரொம்ப சங்கடமாயிடுச்சு. செய்யாத தப்புக்கு ஒரு குழந்தையை மூணு வாரம் திருத்திட்டு இருந்திருக்கேன். அவகிட்ட சாரி கேட்டேன். வீட்ல இருக்கற டிஜிட்டல் பியானோல அவ வாசிச்ச வீடியோ ஒண்ணை முந்தின வாரம் அவ அம்மா அனுப்பி இருந்தாங்க, அதுல எல்லாம் அவ்வளவு சுத்தமா இருந்துச்சு, அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். எனக்கு ஏன் தெரியலன்னா, மழை ஆரம்பிச்சதுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா வந்த கோளாறு இது, தினமும் அதே பியானோ முன்னாடி உக்கார்ற காது அதுக்குப் பழகிடுது. அன்னிக்கு ராத்திரி பியானோவோட கீழ்ப்பலகையைக் கழட்டி நான் பாத்தது, அதுக்கு அப்புறம் ட்யூனர் அண்ணன் வந்து காட்டினது, இத்தனை வருஷத்துல உக்கார்ற விஷயத்துல நானே தெரிஞ்சிக்கிட்டது, எல்லாத்தையும் எழுதி வெச்சா வீட்ல பியானோ வெச்சிருக்கற யாருக்காவது உதவும்னுதான் இந்தப் பதிவு. பெடல் அட்ஜஸ்ட்மெண்ட்னாலே ஏதோ டெக்னீஷியன் மட்டும் தொடற விஷயம்னு எல்லாரும் விட்டுடறாங்க, ஆனா முக்கால்வாசி பிரச்சனையை நாமளே கண்டுபிடிச்சிடலாம், அதுல பாதியை நாமளே சரி பண்ணவும் செய்யலாம்.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லிடறேன். பியானோல ஒரு கீயை அமுக்கினா சுத்தியல் போய் கம்பியை அடிக்கும், அதே நேரத்துல அந்தக் கம்பி மேல சாஞ்சிருக்கற டாம்பர், அதாவது கம்பளித் துணி ஒட்டின சின்ன கட்டை, விலகிக்கும். கீயை விட்டா டாம்பர் திரும்ப வந்து கம்பியை அணைச்சு சத்தத்தை நிறுத்தும். வலது பெடலை மிதிச்சா எல்லா டாம்பரும் ஒரே நேரத்துல விலகும், அவ்வளவுதான் அதோட வேலை. (88 கீக்கும் டாம்பர் கிடையாது, மேல கடைசி இருபது கீக்குக் கிட்டத்தட்ட டாம்பரே இருக்காது, அந்தக் கம்பி எல்லாம் குட்டி, சத்தம் தானா சீக்கிரம் அடங்கிடும். அதனால அந்தப் பக்கம் சத்தம் நிக்கலன்னு பயந்துக்க வேண்டாம்.) அப்ரைட், அதாவது கம்பி எல்லாம் நிமிந்து நிக்கற பியானோல நீங்க பெடலை மிதிக்கும்போது கீழ ஒரு நெம்புகோல் மாதிரி கட்டை அசையும், அது நிமிந்து நிக்கற ஒரு மரக்கம்பை மேல தள்ளும், அந்தக் கம்பு மேல போய் டாம்பர் எல்லாத்தையும் ஒட்டுக்கா விலக்கற ஒரு நீளமான இரும்பு ராடை அசைக்கும்.

இதுல முக்கியமானது என்னன்னா ப்ளே. பைக் ஓட்டறவங்களுக்கு இது உடனே புரியும், கிளட்ச் லீவர்ல மெக்கானிக் கொஞ்சம் ப்ளே விட்டுத்தான் கேபிளை டைட் பண்ணுவாரு, ப்ளே இல்லாம இழுத்து வெச்சா கிளட்ச் எப்பவும் அரைகுறையா பிடிச்ச மாதிரியே இருந்து தேஞ்சு போகும். பெடலும் அப்படித்தான். மிதிக்க ஆரம்பிச்ச உடனே டாம்பர் அசையக்கூடாது, கொஞ்ச தூரம் சும்மா இறங்கணும், அதுக்கு அப்புறம்தான் எடை தெரியணும். அந்த சும்மா இறங்கற தூரம் சுமார் 3 மி.மீ.ல இருந்து 6 மி.மீ. வரைக்கும் இருந்தா நல்லது. அது சுத்தமா இல்லன்னா நீங்க காலே வெக்கலன்னாலும் டாம்பர் கம்பி மேல முழுசா உக்காராது, எங்க வீட்ல நடந்தது அதுதான். ப்ளே ரொம்ப அதிகமா போனா பெடலை அடி வரைக்கும் மிதிச்சாலும் டாம்பர் பாதிதான் விலகும், சில நோட்டு, அதாவது ஸ்வரம், நீண்டு ஒலிக்கும், சிலது ஒலிக்காது, ஒவ்வொரு தடவையும் காலுக்கு வீண் வேலை, கூடவே டொக் டொக்னு சத்தம் வேற.

எங்க பியானோ ஜப்பான்ல இருந்து வந்த செகண்ட் ஹேண்ட் அப்ரைட். போன மே மாசம் பெடல் லூசா இருக்குன்னு நான்தான் ட்யூன் பண்ண வந்த ஒருத்தர்கிட்ட சொன்னேன், அவர் அஞ்சு நிமிஷத்துல ப்ளேயே இல்லாம டைட் பண்ணி விட்டுட்டுப் போயிட்டாரு, அப்ப எனக்கும் அது நல்லா இருக்கற மாதிரிதான் தெரிஞ்சுது, தொட்ட உடனே வேலை செய்யுதேன்னு. அது வெயில் காலம், ரூம்ல நாள் பூரா ஏசி ஓடிட்டு இருந்துச்சு, உள்ள இருக்கற கம்பளி, தோல், மரம் எல்லாம் காஞ்சு இருந்த நேரம். அக்டோபர்ல மழை பிடிச்ச உடனே அதெல்லாம் ஈரத்தைக் குடிச்சு உப்பும், சென்னையில இருக்கறவங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், மழைக்காலத்துல நம்ம வீட்டுக் கதவே சாத்த மாட்டேங்குது. ஒரு மி.மீ. இடம் கூட விடாம டைட் பண்ணின இடத்துல அந்த உப்பல் வந்து உக்காந்தா டாம்பரைத்தான் தள்ளும்.

சரி, உங்க வீட்ல எப்படி செக் பண்றது. முதல் வேலை, காலால வேண்டாம், தரையில உக்காந்து கையால பெடலை மெதுவா அமுக்கிப் பாருங்க. காலை விட விரலுக்கு இது நல்லா தெரியும், முதல்ல லேசா இறங்கும், அப்புறம் ஒரு இடத்துல திடீர்னு கனம் தெரியும், அந்த இடம்தான் டாம்பர் விலக ஆரம்பிக்கற இடம். ஒரு ஸ்கேலை பெடல் பக்கத்துல நிறுத்தி வெச்சு எவ்வளவு தூரத்துல கனம் வருதுன்னு பாத்துக்கோங்க. ரெண்டாவது, காலை பெடல் பக்கமே கொண்டு போகாம ஒவ்வொரு கீயையும் சட்டுனு அடிச்சு சட்டுனு விடுங்க, கீழ இருந்து மேல வரைக்கும், விட்ட உடனே சத்தம் கத்தரிச்ச மாதிரி நிக்கணும். எல்லா நோட்டுமே லேசா இழுத்தா பெடல் டைட், ஏதோ ஒண்ணு ரெண்டு மட்டும் இழுத்தா அது அந்த டாம்பரோட பிரச்சனை, பெடல் மேல தப்பு இல்ல. மூணாவது எனக்கு ரொம்ப பிடிச்சது. மேல் மூடியைத் திறந்துட்டு பியானோக்குள்ள பாத்து "ஆ"ன்னு ஒரு ஸ்வரத்தைப் பலமா பாடிட்டு நிறுத்துங்க. எல்லாம் சரியா இருந்தா உள்ள ஒரு அமைதிதான் இருக்கும். பெடலை மிதிச்சுக்கிட்டே பாடினா நீங்க பாடின அதே ஸ்வரம் உள்ள இருந்து உங்களுக்குத் திரும்ப வரும், கோயில் மண்டபத்துல நின்னு பாடின மாதிரி. அன்னிக்கு ராத்திரி நான் பெடலைத் தொடாம பாடினேன், பியானோ மெல்லிசா பதில் பாடுச்சு. சந்தேகமே இல்ல, டாம்பர் உக்காரல.

கீழ்ப்பலகையைக் கழட்டறது ரொம்ப சுலபம், பெரும்பாலான அப்ரைட்ல ஸ்க்ரூ கூட கிடையாது. உங்க முழங்கால் இருக்கற இடத்துல, கீபோர்டுக்கு அடியில கையை விட்டுத் தடவினா ஒரு பட்டை ஸ்ப்ரிங் தட்டுப்படும், அதை மேல அமுக்கிட்டு பலகையை நம்ம பக்கமா சாய்ச்சா வந்துடும். கனமா இருக்கும், ரெண்டு கையாலயும் பிடிங்க. நான் ஃபோன் டார்ச்சை அடிச்சுப் பாத்தா உள்ள வருஷக்கணக்கா சேந்த தூசி, ஒரு 2 ரூபா காயின், ஒரு ஹேர்பின், யாரோ தொலைச்ச ஒரு குட்டி பென்சில். அந்த பென்சில் நடு பெடலோட கட்டைக்கு அடியில போய் வாட்டமா உக்காந்திருந்துச்சு, நடு பெடல் பாதிக்கு மேல இறங்காததுக்கு இவ்வளவு நாள் காரணம் அதுதான். எலி வந்திருக்கான்னும் பாத்துக்கோங்க, கம்பளித் துணின்னா அதுக்கு மெத்தை மாதிரி, ஒரு தடவை கூடு கட்டிடுச்சுன்னா பெடல் மட்டும் இல்ல, மேல இருக்கற எல்லாத்தையும் கடிச்சு வெச்சிடும்.

உள்ள ஒவ்வொரு பெடலுக்கும் பின்னாடி ஒரு மரை போட்ட கம்பியும் அதுல ஒரு நட்டும் இருக்கும், சிலதுல கையாலேயே திருகற மாதிரி காது வெச்ச நட்டு, சிலதுல ஸ்பேனர் வேணும். அதைத் திருகினா ப்ளே கூடும் இல்ல குறையும், எந்தப் பக்கம் திருகினா எதுன்னு பியானோவுக்குப் பியானோ மாறும், அதனால தொடறதுக்கு முன்னாடி ஒரு ஃபோட்டோ எடுத்துடுங்க, நட்டு மேல பென்சிலால ஒரு கோடும் போட்டுக்கோங்க. அரை சுத்துக்கு மேல ஒரே தடவையில போகாதீங்க. அரை சுத்து, கையால அமுக்கிப் பாக்கறது, திரும்ப அரை சுத்து. எனக்கு மூணு அரை சுத்து தேவைப்பட்டுச்சு. ரெண்டாவதுலயே சத்தம் நின்னுடுச்சு, ஆனா அப்ப ப்ளே ஒண்ணரை மி.மீ. கூட இல்ல, அடுத்த ஈரத்துக்குத் திரும்பவும் இதே கதைதான் வரும்னு இன்னொரு அரை சுத்து விட்டேன், 4 மி.மீ.க்கு வந்துச்சு. பக்கத்துல லாக் நட்டு இருந்தா கடைசியில அதை டைட் பண்ண மறந்துடாதீங்க, இல்லன்னா வாசிக்க வாசிக்க அதுவே கழண்டு வரும். மரை சுத்திக்கிட்டே இருக்கு பிடிக்கல, இல்ல ஸ்ப்ரிங் உடைஞ்சிருக்கு, இல்ல பெடலை மிதிச்சா டாம்பர் எல்லாம் ஒண்ணா விலகாம ஒரு பக்கம் முதல்லயும் ஒரு பக்கம் அப்புறமும் போகுதுன்னா அதோட நிறுத்திட்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்க, டாம்பரை வரிசைப்படுத்தறது நாம வீட்ல பழகற வேலை இல்ல.

அடுத்த வாரம் வேற ஒரு ட்யூனர் அண்ணனை வரவழைச்சேன், பழைய ஆளு, காதை விட விரலை அதிகம் நம்பறவரு. நான் பண்ணினதைப் பாத்துட்டு "சரியாத்தான்மா வெச்சிருக்கீங்க"ன்னாரு, எனக்கு அது பெரிய சந்தோஷம். அப்புறம் இடது பெடலைக் காட்டினாரு. அப்ரைட்ல இடது பெடலை மிதிச்சா சுத்தியல் எல்லாம் கம்பிக்குக் கிட்ட நகந்து வந்து நிக்கும், சாதாரணமா சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவுல ஒரு 45 மி.மீ. இருக்கும், அது பாதியாகும்போது அடி மெதுவா விழும், சத்தம் குறையும். இந்தப் பெடலுக்கும் ப்ளே இல்லாம டைட் பண்ணிட்டா சுத்தியல் எப்பவுமே கொஞ்சம் முன்னாடி வந்து நிக்கும், அப்ப கீயைத் தொட்டா முதல்ல ஒரு வெத்து இறக்கம் தெரியும், பலமா வாசிக்கணும்னா பலம் வராது. என்னோடதுல அதுவும் லேசா இருந்துச்சு, ஒரு கால் சுத்துல சரி பண்ணினாரு. கீ டச் சரியில்ல கீ டச் சரியில்லன்னு நான் ரெண்டு மாசமா நெனச்சிட்டு இருந்தது அந்தக் கால் சுத்துல போயிடுச்சு.

நடு பெடல் அப்ரைட்ல பெரும்பாலும் ப்ராக்டிஸ் பெடல்தான், மிதிச்சு இடது பக்கம் ஒதுக்கினா ஒரு மெல்லிய கம்பளித் திரை சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவுல இறங்கும், ராத்திரி பக்கத்து வீட்டுக்காரங்க தூங்கும்போது வாசிக்கலாம். அதுக்கு பெருசா அட்ஜஸ்ட்மெண்ட் எதுவும் தேவைப்படறதில்ல.

கீச்சு சத்தம் பத்தி நிறைய பேர் கேப்பாங்க. கதவுக்கு விடற மாதிரி தேங்காய் எண்ணெயோ ஸ்ப்ரே எண்ணெயோ மட்டும் தயவு செஞ்சு விடாதீங்க, அது கம்பளியிலயும் மரத்துலயும் ஊறி தூசியைப் பிடிச்சு வெச்சுக்கும், அப்புறம் அதை எடுக்கவே முடியாது. எங்க இருந்து சத்தம் வருதுன்னு முதல்ல கண்டுபிடிங்க, ஒருத்தர் பெடலை அமுக்க இன்னொருத்தர் காதை வெச்சுக் கேட்டா தெரிஞ்சிடும், முக்கால்வாசி தோலும் மரமும் உரசற இடமா இருக்கும், அங்க கொஞ்சம் டால்கம் பவுடரோ பென்சில் முனையை உரசின கிராஃபைட் தூளோ போதும். இன்னொண்ணு, நம்ம வீடுகள்ல பித்தளைன்னு பாத்தாலே புளியைப் போட்டுத் தேய்க்கத் தோணும், எங்க அத்தை ஒரு தடவை ஆசையா தேய்ச்சு பளபளன்னு ஆக்கி வெச்சாங்க, பாக்க அழகாத்தான் இருந்துச்சு, ஆனா அந்தத் தண்ணியும் புளிப்பும் உள்ள போய் கீல்ல துரு பிடிச்சிடுச்சு. காஞ்ச துணியால துடைச்சாலே போதும்.

இனி வெளிய இருக்கற பாதி, அதாவது நம்ம கால். இதைப் பத்தி நான் ரொம்ப தீவிரமா பேசுவேன், ஏன்னா என் வலது கால்ல முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் ரெண்டு வருஷம் வலி இருந்துச்சு. அரை மணி நேரம் வாசிச்சா போதும், கல்லு மாதிரி இறுகிக்கும். டாக்டர் பாத்தாச்சு, எண்ணெய் தேய்ச்சாச்சு. காரணம் பலகை. 2015 டிசம்பர் வெள்ளத்துல எங்க தெருவுல முட்டளவு தண்ணி, அதுக்கு அப்புறம் பயந்துபோய் பியானோவை ரெண்டு கனமான தேக்குப் பலகை மேல ஏத்தி வெச்சோம். அதோட வீடு கழுவி விடறது வேற நம்ம பழக்கம், தண்ணி படக்கூடாதுன்னு நிறைய வீட்ல இப்படி பலகையோ கட்டையோ போட்டுத்தான் வெச்சிருப்பாங்க. பியானோ 4 செ.மீ. உயந்தா பெடலும் 4 செ.மீ. உயரும், ஆனா என் குதிகால் இருக்கற தரை உயரலையே. பாதம் எப்பவும் மேல் நோக்கி வளைஞ்சே நிக்கணும், அந்த வேலையை எல்லாம் முன்பக்கத் தசைதான் செய்யுது. கார்பென்டர்கிட்ட சொல்லி அதே 4 செ.மீ. உயரத்துல கால் வெக்கற ஒரு பலகை செஞ்சு பெடலுக்கு முன்னாடி போட்டேன், ஸ்டூலையும் 4 செ.மீ. ஏத்தினேன், ஏன்னா கீபோர்டும் அவ்வளவு உயந்திருக்கே. மூணு வாரத்துல வலி போயிடுச்சு.

குதிகால் தரையில அழுந்தி இருக்கணும், அதுதான் கதவோட கீல் மாதிரி. கட்டை விரலுக்குக் கீழ இருக்கற அந்த மேட்டுச் சதை பெடலோட உருண்டை முனை மேல இருக்கணும், விரல் நுனியும் இல்ல, நடுப்பாதமும் இல்ல. கணுக்கால்தான் அசையும், முழங்கால் ஏறி இறங்கினா ஸ்டூல் உயரம் இல்ல தூரம் ஏதோ தப்பு. ஸ்டூல் ரொம்ப உயரமா இருந்தா குதிகால் தூக்கிக்கும், ரொம்பக் கிட்ட இருந்தா முழங்கால் மடங்கி பாதம் செங்குத்தா நிக்கும். முன் பாதி ஸ்டூல்ல மட்டும் உக்காந்து, முன்னங்கை தரைக்கு இணையா வர்ற மாதிரி உயரத்தை வெச்சு, அதுக்கு அப்புறம் குதிகாலைத் தரையில வெச்சு முன்னாடி நீட்டினா பாதம் தானா போய் பெடல்ல உக்காரணும். அப்படி உக்காரலன்னா ஸ்டூலைத்தான் நகத்தணும், உடம்பை வளைக்கக்கூடாது.

இப்ப நான் என் பாடத்துல ஒரு வார்த்தையை மாத்திட்டேன். "காலை எடு"ன்னு சொல்றதே இல்ல. அப்படிச் சொன்னா குழந்தைங்க பாதத்தை பெடலை விட்டே தூக்கிடறாங்க, திரும்ப வெக்கும்போது டொப்புனு ஒரு சத்தம். "பாதம் பெடலை விட்டுப் பிரியக்கூடாது, பெடல் மேல வரும்போது நீயும் அதோட மேல வா"ன்னு சொல்றேன். கார்ட் மாறுற இடத்துல புது கார்டை அடிக்கற அதே நொடியில பெடல் மேல வரணும், அடிச்ச அப்புறம் திரும்ப கீழ போகணும், கையும் காலும் நேர் எதிரா போகும், முதல்ல ஒரு வாரம் எல்லாருக்கும் குழம்பும். இதைப் பழகவே ப்ளே சரியா இருக்கணும், மேல வரும்போது டாம்பர் முழுசா உக்காந்தாத்தானே பழைய கார்ட் போகும். டைட்டா இருக்கற பெடல்ல எத்தனை மணி நேரம் ப்ராக்டிஸ் பண்ணாலும் குழந்தைக்கு இது காதுல பிடிபடாது, தன் காலையே சந்தேகப்பட ஆரம்பிச்சிடும்.

சின்னப் பசங்களுக்கு கால் எட்டலன்னா நுனியில உக்கார வெச்சு பெடலைத் தேட விடாதீங்க. பெடல் எக்ஸ்டெண்டர்னு கிடைக்குது, ஒரு பெட்டி மாதிரி, பியானோ பெடல் மேல மாட்டினா உயரத்துல அதுக்குன்னு ஒரு பெடல் இருக்கும். அது இல்லன்னா பெடலே வேண்டாம், காலுக்கு அடியில ஒரு ஸ்டூல் போட்டு ரெண்டு பாதமும் உக்கார்ற மாதிரி செஞ்சா போதும், கால் அந்தரத்துல தொங்கினா முதுகு வளையும். வெறுங்காலா ஷூவான்னு கேட்டா, வீட்ல நாம எல்லாரும் வெறுங்கால்தான், அதுல எந்தத் தப்பும் இல்ல, பெடலோட ஒவ்வொரு மி.மீ.யும் தோல்ல தெரியும். ஆனா எக்ஸாமுக்கோ மேடைக்கோ ஷூ போட்டுத்தான் போகப் போறாங்கன்னா கடைசி ரெண்டு வாரம் அதே ஷூவோட வாசிக்கச் சொல்லுங்க, ஹீல் ஒரு செ.மீ. மாறினாலே கணக்கு மாறிடும்.

டிஜிட்டல் வெச்சிருக்கறவங்களுக்கும் கொஞ்சம் சொல்லணும். மூணு பெடல் ஸ்டாண்டோட வர்ற மாடலா இருந்தா அந்தப் பெடல் பெட்டிக்கு அடியில ஒரு திருகு மாதிரி குமிழ் இருக்கும், அதைத் திருகி தரையைத் தொட வெக்கணும், இல்லன்னா மிதிக்க மிதிக்க பெட்டி கீழ வளைஞ்சு ஒரு நாள் விரிசல் விடும். நான் பாத்த நிறைய வீடுகள்ல அது காத்துலதான் தொங்கிட்டு இருந்துச்சு. தனி பெடல்னா டைல்ஸ் தரையில அது ஓடிக்கிட்டே இருக்கும், கால் அதைத் துரத்திட்டுப் போய் உடம்பே திரும்பிடும், அடியில ஒரு ரப்பர் மேட் போட்டு ஸ்டூல் கால் வரைக்கும் நீட்டி விடுங்க, உங்க எடையே மேட்டை நகராம பிடிச்சுக்கும். மிதிச்சா சத்தம் நிக்குது, விட்டா இழுக்குதுன்னு தலைகீழா வேலை செஞ்சா பெடல் கெட்டுப் போகல, ஆஃப் பண்ணிட்டு, பெடல் மேல கால் வெக்காம ஆன் பண்ணிப் பாருங்க, நிறைய கீபோர்டு ஆன் ஆகும்போதுதான் பெடல் எந்த நிலையில இருக்குன்னு கவனிச்சுக்கும். அப்புறம் விலை கம்மியான பெடல் வெறும் ஸ்விட்ச், ஒண்ணு இருக்கும் இல்ல இருக்காது, பாதி மிதிக்கறதுங்கற பேச்சே கிடையாது. கொஞ்சம் நல்ல பெடல்தான் நடுவுல இருக்கற நிலைகளையும் சொல்லும், மிடி (MIDI)ங்கற, டிஜிட்டல் இசைக் கருவிங்க பேசிக்கற மொழியில 0ல இருந்து 127 வரைக்கும். எங்கிட்ட வர்ற அந்தப் பொண்ணு வீட்ல இருக்கறது ஸ்விட்ச்தான், அதனாலதான் வீடியோல அவ்வளவு சுத்தமா இருந்துச்சு, அவ கால் நேரம் தவறவே இல்ல.

கம்பி எல்லாம் படுக்கையா இருக்கற கிராண்ட் பியானோவுல கதையே வேற. இடது பெடலை மிதிச்சா கீபோர்டே மொத்தமா வலது பக்கம் லேசா நகரும், மூணு கம்பி இருக்கற நோட்டுல சுத்தியல் ரெண்டு கம்பியை மட்டும் அடிக்கும். எவ்வளவு நகரணும்னு நிறுத்த ஒரு ஸ்க்ரூ இருக்கு, அது தப்பா இருந்தா பக்கத்து நோட்டோட கம்பியையும் சேத்து உரசும். நடு பெடல் சோஸ்டெனூட்டோ, நீங்க மிதிக்கற நேரத்துல எந்தக் கீயை அமுக்கி வெச்சிருக்கீங்களோ அதோட டாம்பரை மட்டும் தூக்கிப் பிடிச்சுக்கும். இதை 1844ல பாரீஸ்ல ப்வாஸ்லோங்கற பிரெஞ்சு பியானோ கம்பெனி காட்டினாங்க, 1874ல ஸ்டெய்ன்வே கம்பெனி பேட்டண்ட் வாங்கினாங்க. அதுக்கும் ரொம்ப முன்னாடி நிறைய பியானோல பாதத்துக்கு வேலையே இல்லாம இருந்துச்சு, டாம்பரைத் தூக்க கீபோர்டுக்கு அடியில முழங்காலால தள்ளற லீவர் இருந்துச்சு, 1777ல இசையமைப்பாளர் மொசார்ட் ஜெர்மனியில ஆக்ஸ்பர்க் ஊர்ல ஸ்டெய்ன்ங்கறவர் செஞ்ச பியானோவை வாசிச்சிட்டு, முழங்காலை லேசா விட்டாலே கொஞ்சம் கூட எதிரொலி மிஞ்சாம நின்னுடுதுன்னு அப்பாவுக்கு லெட்டர் எழுதினாரு. நம்ம பெடல்ல நாம தேடறதும் அதே விஷயம்தானேன்னு அதைப் படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. கிராண்ட்ல மட்டும் நீங்களா எதையும் திருகாதீங்க, கீழ பெடலைத் தாங்கற அந்தச் சட்டம் ஆடுதான்னு மட்டும் கையால பிடிச்சுப் பாருங்க, ஆடினா உடனே ஆளைக் கூப்பிடுங்க.

போன சனிக்கிழமை அந்தப் பொண்ணு வந்தா. அவ ஸ்டூல்ல உக்கார்றதுக்கு முன்னாடி நான் கீழ்ப்பலகையைக் கழட்டி அவளையும் தரையில உக்கார வெச்சேன், அவ கையாலேயே பெடலை அமுக்க, உள்ள அந்த மரக்கம்பு ஏறுறதைப் பாத்தா. "இவ்வளவு சின்ன இடமா மிஸ்"னு அந்த ப்ளேயை விரலால தொட்டுத் தொட்டுப் பாத்தா. அப்புறம் பலகையோட உள்பக்கத்தைக் காட்டி இது என்னன்னு கேட்டா. ஜப்பான்ல யாரோ ஒரு ட்யூனர் பென்சிலால வரிசையா எழுதி வெச்ச தேதிகள், அவங்க எழுத்துல ஏதோ குறிப்பும் இருக்கு. அதுக்குக் கீழ நாங்க ரெண்டு பேரும் அன்னிக்குத் தேதியைப் போட்டு "வலது பெடல், 4 மி.மீ."னு எழுதினோம். அந்த 4 அவளோட கையெழுத்து. பலகையை மாட்டிட்டு அதே பீஸை வாசிச்சா, கார்ட் மாறுற ஒவ்வொரு இடத்துலயும் பழசு போய் புதுசு தனியா வந்து நின்னுச்சு.